'வூட்ஸ்' எங்கிருந்து வந்தது: கஞ்சமலை அடிவாரப் பள்ளி ஒன்றின் காட்சிப் பலகை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலை அடிவாரத்தை ஒட்டிய ஒரு மேல்நிலைப் பள்ளி. அங்குள்ள வரலாற்று மன்றம், ஊரின் இரும்புத் தொழிலைப் பற்றி ஒரு சிறு நிரந்தரக் காட்சி அமைக்க முடிவு செய்தது. கஞ்சமலையில் காந்த இரும்புக்கல் கிடைக்கிறது. அந்தப் பக்கத்துக் காடுகளை உழும்போது (இங்கே காடு என்றால் மானாவாரி நிலம்) கருத்த, கனமான இரும்புச் சிட்டம் (கல்லை உருக்கிய பின் மிஞ்சும் கசடு) கிளம்பும். மாணவர்கள் பொறுக்கி வந்த சிட்டங்களே இந்த யோசனைக்குத் தொடக்கம்.

ஐந்தாறு பலகைகள் திட்டமிடப்பட்டன. மலையின் கல், பழைய உலை முறை, ஆங்கிலேயர் காலம், இன்றைய ஆலை என ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இவற்றோடு 'ஒரு சொல்லின் கதை' என்று தனிப் பலகை ஒன்று. அந்தச் சொல் 'வூட்ஸ்'. பழைய தென்னிந்திய மூசை உருக்குக்கு (மூசை என்றால் உலோகத்தை வைத்துச் சூடேற்றும் மண்கலம்) ஆங்கில நூல்கள் தரும் பெயர் அது. உலோகவியல் படித்தவர்களும் கத்தி சேகரிப்பவர்களும் தவிர ஆங்கிலம் பேசுகிறவர்களிலேயே பலருக்கு அது தெரியாது.

மன்றம் எழுதிய முதல் வாசகம் இதுதான்: 'உருக்கு என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கிலேயர் நாவில் வூட்ஸ் ஆனது.' இந்த ஊரில் இதை யாரும் சந்தேகிக்கக் காரணமே இல்லை. அடிவாரத்தில் நிற்கும் ஆலைக்குப் பெயர்ப்பலகையில் சேலம் உருக்காலை என்று பெயர். பஸ் நடத்துநருக்கு அது இரும்பாலை. இதில் எதைச் சொன்னாலும், உருக்கு என்பது இங்கே பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகிய சொல். பலகைகளின் செலவைப் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் ஏற்றுக்கொண்டிருந்தார். அவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். வாசகங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு வரலாற்று ஆசிரியருக்கும், பள்ளிக்கு வெளியிலிருந்து உதவ வந்த எனக்கும்.

கேள்வி எழுந்த விதம்

வாசகங்கள் அச்சுக்குப் போகுமுன் மன்றக் கூட்டத்தில் படித்துக் காட்டப்பட்டன. வீட்டில் தெலுங்கு பேசும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், எங்க தாத்தா இதை உக்குன்னு சொல்றாருங்க. உருக்கைவிட அதுதானே கிட்ட இருக்கு?"

அவளுடைய தாத்தா இளமையில் விசாகப்பட்டினம் பக்கம் வேலை பார்த்தவர். அங்கே உருக்காலை கேட்டு 1966இல் நடந்த போராட்டத்தின் முழக்கம், 'விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு'. விசாகப்பட்டினத்து உருக்கு ஆந்திரர்களின் உரிமை என்று பொருள். அந்த முழக்கத்தைத்தான் பேத்திக்குச் சொல்லியிருந்தார். தெலுங்கில் உருக்குக்கு உக்கு என்பதே இன்றைக்கும் வழக்குச் சொல். கன்னடத்திலும் அப்படித்தான்.

கூட்டத்தில் இரண்டு விதமான பதில்கள் வந்தன. 'எல்லாம் ஒரே சொல்தான், விடு' என்றார் ஒருவர். 'எஃகு என்பதுதான் மூலம்' என்று இன்னொருவர் புதிதாக ஒன்றைக் கிளப்பினார். எஃகு மிகப் பழைய சொல் என்பதில் ஐயமில்லை. 'செய்க பொருளைச் செறுநர் செருக்கறுக்கும் எஃகதனிற் கூரிய தில்' என்று குறள் 759இல் அது கூரிய படைக்கருவியாக வருகிறது. ஆனால் பழமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எஃகிலிருந்து வூட்ஸுக்குப் போக முடியாது. நடுவில் ஒலி வழியும் இல்லை, எழுத்துச் சான்றும் இல்லை. அந்த யோசனை அன்றே கைவிடப்பட்டது.

முதல் முடிவு

மற்றப் பலகைகளை அச்சுக்கு அனுப்பிவிட்டு இதை மட்டும் நிறுத்திவைத்தோம். தலைமையாசிரியருக்கு இதில் விருப்பமில்லை. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆயினும், மாணவி கேட்ட கேள்விக்கு அறையில் இருந்த யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத வாக்கியத்தைத் தகட்டில் பொறித்துச் சுவரில் அடித்தால், அதைப் பிடுங்கி மாற்ற யாருக்கும் மனம் வராது. இதுதான் நிறுத்திவைக்கக் காரணம்.

தேடலுக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: 'வூட்ஸ் இதிலிருந்து வந்தது' என்று சொல்லும் எந்தப் பக்கத்தையும் சான்றாக எடுக்கக் கூடாது, அது எதைப் பார்த்துச் சொல்கிறதோ அதற்குப் போக வேண்டும். இணையத்தில் தேடினால் உருக்கு, உக்கு இரண்டுக்கும் ஆதரவாக ஏராளமான பக்கங்கள் வரும். ஒன்றை ஒன்று பார்த்து எழுதியவை என்பது வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும்.

கண்டவை: ஆங்கில ஏடுகளில்

இந்தச் சொல்லுக்குப் பிறந்த தேதியே இருக்கிறது என்று சொல்லலாம். 1795 ஜூன் 11 அன்று லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் ஜார்ஜ் பியர்சன் என்ற மருத்துவரின் கட்டுரை ஒன்று படிக்கப்பட்டது. 'பம்பாயில் செய்யப்பட்டு, அங்கே வூட்ஸ் என்று அழைக்கப்படும்' ஒரு வகை உருக்கின் தன்மையை ஆராயும் சோதனைகள் என்பது தலைப்பின் சாரம். பம்பாயிலிருந்த டாக்டர் ஹெலனஸ் ஸ்காட், சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பிய மாதிரிகளைத்தான் பியர்சன் சோதித்தார்.

இங்கேயே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. அந்த உருக்கு பம்பாய் வழியாகப் போனது, பம்பாயில் செய்யப்பட்டதல்ல. மூசை உருக்குக்குப் பேர்பெற்ற இடங்கள் மைசூர்ப் பகுதி, சேலம், தெலங்கானா ஆகியவை. செய்த இடத்தையே தவறாகப் பதிந்த ஒரு தலைப்பு, பெயரைச் சரியாகக் கேட்டு எழுதியிருக்கும் என்று நம்ப வேண்டியதில்லை.

இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னது யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்ஸன்-ஜாப்ஸன். ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கான அகராதி அது. வூட்ஸ் என்ற பெயர் எந்த மொழியிலும் உருக்குக்கான சொல்லாக அடையாளம் காணப்படவில்லை என்கிறது. எழுத்தர் பிழையாகவோ தவறாகப் படித்ததாகவோ இருக்கலாம். கன்னட 'உக்கு' என்பதை 'வுக்கு' என்று கேட்டு எழுதியதில் ஏற்பட்ட பிழையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது அதன் கணிப்பு. ஆங்கில எழுத்தில் கே இருக்க வேண்டிய இடத்தில் டி, இஸட் இரண்டும் வந்து உட்கார்ந்துவிட்டன. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும் இதே பக்கம்தான் சாய்கிறது.

பிழை எந்தக் கட்டத்தில் நடந்தது? அச்சுக் கோத்தவர் கை தவறியது என்று சிலர் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பியர்சன் கட்டுரை முழுக்க அந்தச் சொல் அதே எழுத்துகளோடு திரும்பத் திரும்ப வருகிறது. கை தவறினால் ஓரிடத்தில் தவறும். கையெழுத்தைப் படித்தவர் முதலிலேயே தவறாகப் படித்திருந்தால்தான், அல்லது எழுதியவர் காதிலேயே வேறு விதமாக விழுந்திருந்தால்தான், இப்படி ஒரே சீராக வரும்.

வேறு யோசனைகளும் உண்டு. இந்தியாவைப் பற்றிய கலைக்களஞ்சியம் தொகுத்த எட்வர்ட் பால்ஃபர், கன்னடப் பகுதிகளில் உயர்ந்த சரக்கைக் குறிக்கும் 'உச்ச' என்ற சொல்லே இப்படித் திரிந்திருக்கலாம் என்றார். ஹாப்ஸன்-ஜாப்ஸன் இதையும் பதிந்துவிட்டு, முந்தையதே மேல் என்கிறது. 2014இல் ஓர் உலோகவியல் இதழில் வந்த கட்டுரை, ஊற்று என்று பொருள்படும் 'உத்ஸ' என்ற சமஸ்கிருதச் சொல்லை முன்வைத்தது. ஒலியளவில் வூட்ஸுக்கு மிக நெருங்குவது அதுதான். ஆனால் உருக்குச் செய்தவர்களும் விற்றவர்களும் அந்தப் பொருளுக்கு வாயில் வைத்திருந்த பெயர் உக்கு. அதை விட்டு வேறு சொல்லுக்குப் போக வலுவான காரணம் வேண்டும். அப்படி ஒன்று கிடைத்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை.

கண்டவை: கரும்பலகையில்

ஏடுகள் கன்னடத்தைக் காட்டிவிட்டன. ஆனாலும் 'உருக்குதானே உக்கு ஆச்சு' என்ற வாதம் அப்படியே நின்றது. அதைத் தீர்த்துவைத்தவர் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்பவர். மேட்டூருக்கு அப்பால் கொளத்தூர்ப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம்.

அவரிடம் சில சொற்களைக் கேட்டு வரலாற்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதினார். தமிழில் கறுப்பு, கன்னடத்தில் கப்பு. தமிழில் இருபது, கன்னடத்தில் இப்பத்து. மூன்றாவதாக உருக்கு என்று எழுதியதும் மாணவர்களே உக்கு என்று முடித்துவிட்டார்கள். பழங்கன்னடத்தில் இவை கர்ப்பு, இர்ப்பத்து, உர்க்கு என்று ரகரத்தோடு இருந்தவை. வல்லினத்துக்கு முன் நின்ற ரகரம் அந்த வல்லினத்தோடு கரைந்து போவது அந்த மொழியில் முறையாக நடந்த மாற்றம். திராவிட மொழிகளுக்கான பரோ, எமனோ ஆகியோரின் வேர்ச்சொல் அகராதியும் தமிழ் உருகு, உருக்கு, கன்னட உக்கு, தெலுங்கு உக்கு எல்லாவற்றையும் ஒரே பதிவின் கீழ்தான் வைத்திருக்கிறது.

ஆக, உக்கும் உருக்கும் பங்காளிகள். உருகுதல் என்ற பொருள் கொண்ட பொது வேரிலிருந்து இரண்டும் தனித்தனியாக வந்தவை. கன்னடத்துச் சொல் தமிழிடம் கடன் வாங்கப்பட்டதல்ல. ஆங்கிலத்துக்குப் போனது ரகரம் இல்லாத வடிவம். ஸ்காட்டின் காதில் விழுந்தது தமிழ் உருக்காக இருந்திருந்தால், நடுவிலுள்ள 'ரு' எங்கே போயிற்று என்று யாராவது விளக்க வேண்டியிருக்கும்.

ஒரு மாணவன் நல்ல மறுப்பு ஒன்றைக் கொண்டுவந்தான். "அப்ப முன்னாடி வர்ற 'வ' எப்படிங்க சார்? உக்குல அது இல்லையே." அதற்குப் பதில் நம் வாயிலேயே இருக்கிறது. ஒன்று என்பதைப் பேச்சில் 'வொண்ணு' என்று சொல்பவர்கள் எத்தனை பேர்! சொல்லின் முதலில் உகர, ஒகரம் வந்தால் உதடு குவிந்து லேசாக ஒரு வகரம் ஒட்டிக்கொள்வது தென்னிந்திய மொழிகள் பலவற்றில் உண்டு. எனவே அந்த 'வ' எந்த ஒரு மொழிக்கும் தனிச் சாட்சி ஆகாது. மாணவனின் கேள்வியால் எங்கள் முடிவு மாறவில்லை, ஆனால் குறிப்பில் இதையும் சேர்த்துக்கொண்டோம்.

இரண்டாவது முடிவு: வாசகம்

செலவை ஏற்ற பட்டறைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம மலையில எடுத்த கல்லு, நம்ம ஆளுங்க செஞ்ச உருக்கு. பேரு மட்டும் அடுத்தவங்களுதா சார்?" என்றார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. இரும்பைத் தொட்டுப் பிழைக்கிற மனிதர் அவர்.

'தென்னிந்திய மொழிச் சொல் ஒன்றிலிருந்து வந்தது' என்று பொதுவாகப் போட்டுவிடலாம் என்று ஒரு சமரசம் முன்வைக்கப்பட்டது. அதில் பொய் இல்லை, யாருக்கும் வருத்தமும் இல்லை. ஆனால் தெரிந்ததை மறைக்கும் வாக்கியம் அது. கேள்வி கேட்ட மாணவிக்கு அதில் எந்தப் பதிலும் கிடைக்காது. நான் அதை எதிர்த்தேன்.

கடைசியில் எழுதியது இது: 'வூட்ஸ் என்ற ஆங்கிலச் சொல் 1795இல் லண்டனில் படிக்கப்பட்ட கட்டுரை ஒன்றில் அச்சேறியது. கன்னடத்திலும் தெலுங்கிலும் உருக்கைக் குறிக்கும் உக்கு என்ற சொல் பிழையாக எழுதப்பட்டதே இது என்பது அகராதிகள் பெரிதும் ஏற்கும் கருத்து. உக்கும் தமிழ் உருக்கும் ஒரே வேரில் பிறந்தவை.' நடு வாக்கியத்தில் 'கருத்து' என்ற சொல் வேண்டுமென்றே போடப்பட்டது. முதல் வாக்கியத்துக்குக் கையில் ஆவணம் இருக்கிறது. மூன்றாவதை ஒலி மாற்ற முறை தாங்குகிறது. இரண்டாவது அறிஞர்கள் செய்த ஊகம், நல்ல ஊகம். ஸ்காட்டின் பேனா எந்த எழுத்தை எழுத நினைத்தது என்பதை நாம் நேரில் பார்க்க வழியில்லை.

பட்டறைக்காரரின் வருத்தத்துக்குப் பக்கத்துப் பலகையில் இடம் கொடுத்தோம். சொல்லில் இல்லாத சேலம், பொருளில் நிறைய இருக்கிறது. ஹாப்ஸன்-ஜாப்ஸன் இந்த உருக்கு சிறப்பாகச் செய்யப்படும் இடங்களில் முதலில் சொல்லும் பெயர் சேலம், அப்புறம்தான் மைசூரின் சில பகுதிகள். காந்த இரும்புக்கல்லை உருக்கி எடுத்த தேனிரும்பை (அடித்து நீட்டக்கூடிய மெல்லிரும்பு) சிறு துண்டுகளாக்கி, மூசையில் ஆவாரங்குச்சிகளோடு அடைத்து, மேலே இலை வைத்து, களிமண்ணால் வாயை மூடி, துருத்தியால் ஊதிச் சூடேற்றுவார்கள். எருக்கு இலை வைத்தார்கள் என்று ஜோசையா மார்ஷல் ஹீத் எழுதியிருக்கிறார். குச்சியிலும் இலையிலும் இருக்கும் கரி இரும்பில் ஏறி, ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை கார்பன் கொண்ட உருக்குக் கட்டியாக மாறும். ஆவாரம், எருக்கு இரண்டும் பள்ளி வேலி ஓரத்திலேயே நிற்கின்றன. மாணவர்களுக்கு அந்தப் பலகையில் மிகவும் பிடித்த வரி இதுதான்.

அந்த ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். கல் போனது சேலத்திலிருந்து. உருக்கில் மாங்கனீசு சேர்ப்பதற்கு 1839இல் காப்புரிமை பெற்று, அந்த முறையால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆலைகள் பெரிய லாபம் பார்க்க, அவர் வழக்குமன்றத்தில் அலைந்தார். மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் 1820 வாக்கில் உருக்குக் கலவைகளைப் பற்றிச் செய்த சோதனைகளுக்குத் தூண்டுதல் இந்த வூட்ஸ்தான். இவ்வளவையும் படித்த பிறகு பட்டறைக்காரர், "சரி, இது போதும்" என்றார். சொல் பலகையைப் பற்றி அவர் அப்புறமும் முழுத் திருப்தி காட்டவில்லை. ஆனால் பணத்தை நிறுத்தவும் இல்லை.

பின்னர் நடந்தவை

திறப்பு விழாவின்போது சொல் பலகைக்கான இடம் காலியாகத்தான் இருந்தது. தகடு பிறகு வந்து சேர்ந்தது.

கேள்வி கேட்ட மாணவி அதன்பின் மன்றத்தில் முக்கியமான ஆளாகிவிட்டாள். தாத்தாவைப் பள்ளிக்கு அழைத்து வந்து பலகையைக் காட்டினாள். அவர் தெலுங்கு என்ற சொல்லைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, "கன்னடத்தை எதுக்கு முன்னால போட்டாங்க?" என்று கேட்டாராம்.

சங்கடமான விளைவு ஒன்றும் உண்டு. அடுத்த பருவத்தில் வேறு ஓர் இடத்தில் நடந்த விநாடி வினாவில், வூட்ஸ் எந்த மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். நம் பள்ளி அணி கன்னடம் என்று சொல்லி மதிப்பெண்ணை இழந்தது. விடைத்தாளில் தமிழ் என்று இருந்தது. பிள்ளைகள் எதிர்த்துப் பேசாமல் வந்துவிட்டார்கள். வரலாற்று ஆசிரியர் சான்றுகளோடு அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். இதுவரை பதில் இல்லை.

மாற்றிக்கொள்ளும் முறைகள்

சொல்லின் பிறப்பைப் பற்றிய எந்த வாசகத்துக்கும், முதலில் பதிவான ஆண்டும் இடமும் வரைவு நிலையிலேயே கேட்கப்பட வேண்டும். இங்கே அந்தக் கேள்வி அச்சுக்கு முந்தைய கூட்டத்தில்தான் எழுந்தது. அதுவும் ஒரு மாணவியின் புண்ணியத்தில்.

இரண்டாவது, அக்கம்பக்கத்து மொழி பேசுகிறவர்களை முதலிலேயே உட்காரவைக்க வேண்டும். சேலம் மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசும் வீடுகளுக்குக் குறைவில்லை. கொளத்தூர்க்காரர் ஒருமுறை வாய் திறந்ததும் தெளிந்த விஷயத்துக்கு நாங்கள் அதற்கு முன் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

தகட்டில் பொறிப்பதையும் இனி ஊகம் கலந்த வாசகங்களுக்குத் தவிர்க்கலாம். மாற்றக்கூடிய அட்டையே போதும். செலவு செய்பவரிடம் பேச வேண்டியதையும் வாசகம் முடிந்த பிறகு அல்ல, தேடல் தொடங்கும்போதே பேச வேண்டும். பட்டறைக்காரர் கரும்பலகை வகுப்பில் இருந்திருந்தால் பாதி வாக்குவாதம் மிச்சமாகியிருக்கும்.

மன்றத்தின் அடுத்த காட்சி சேர்வராயன் மலைப் பாறைகளைப் பற்றியது. ஏற்காடு போகும் வழியில் வெட்டுமுகங்களில் தெரியும் கருநீலப் பாறைக்கு நிலவியலில் சார்னகைட் என்று பெயர். உள்ளூர்ச் சொல்லோடு அதற்குத் தொடர்பு இல்லை. கல்கத்தாவின் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லை 1893இல் ஆராய்ந்து எழுதிய தாமஸ் ஹாலண்ட், அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். சென்னைக்கு அருகே பரங்கிமலை, பல்லாவரம் பக்கமும் இதே பாறைதான். இந்த முறை வரைவின் முதல் வரியிலேயே ஆண்டும் இடமும் எழுதப்பட்டிருக்கின்றன. சார்னக் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அந்த மாணவி இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள். அது பலகையில் வேண்டாம் என்று மன்றம் முடிவு செய்திருக்கிறது.